மாங்காய் தரும் மாமா ஏன் அப்படிச் செய்தார்?

முல்லைத்தீவு மாவட்டத்தில், குளத்தடிக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கக் கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4 படிக்கிறான். வீட்டில் கணவர், மாமனார், இரண்டு வயதில் ஒரு மகள். குளத்துக்குக் கீழே இரண்டரை ஏக்கர் வயல். மாமனார் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டமொன்றிலிருந்து பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். அந்தக் காணியில் காடு வெட்டிய கைகளில் அவருடையதும் ஒன்று. சென்ற மாதம் வாய்க்கால் கரையில் ஒரு யானைக்குட்டி வாய் சிதைந்து நின்றது. பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்துவிட்டது. மிருக வைத்தியர் வந்து மருந்து கொடுத்தும் பயனில்லை. தின்ன முடியாமல் ஐந்து நாள் நின்று, ஆறாம் நாள் சாய்ந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இவனும் ஒவ்வொரு நாளும் போனான்.

குட்டி செத்த அன்று பின்னேரம் கணவர், "ஒண்டு குறைஞ்சுது, இந்தச் சிறுபோகமாவது மிஞ்சும்" என்றார். மகன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "மனுசர்தான் ஆகலும் கெட்ட மிருகம்" என்று கத்தினான். அதிலிருந்து மூன்று கிழமையாகத் தகப்பனோடு கதையில்லை. வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறார். "யானை எங்கட வயலுக்க வந்ததோ, நாங்கள் யானையிட காட்டுக்க வந்தமோ?" என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். தாத்தா பதில் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார்.

கடிதத்தின் கடைசியில், வேறு பேனையால், ஒரு பின்குறிப்பு. குட்டி காயப்படுவதற்கு முதல் நாள் பக்கத்து வளவு மாமா ஒரு பூசணிக்காயை வெட்டி, உள்ளே எதையோ வைத்து மூடி, வாய்க்கால் பக்கம் கொண்டுபோனதைக் கண்டதாக மகன் ஒரு இரவு காதோடு சொன்னானாம். அவனுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர் அந்த மாமாதான். ஒவ்வொரு வருடமும் முதல் மாங்காய் அவர் வளவிலிருந்துதான் வரும்.

கேட்டிருக்கும் கேள்விகள் இவை: பிள்ளைக்கு மனநோயா? யானை கெட்டது என்று சொல்லித் திருத்தவா? இனிக் குளத்தடிக்குப் போகாமல் மறிக்கவா? கண்டதை யாரிடமாவது சொல்லவா, விடவா? இந்தக் கிழமை வந்த மாங்காயை அவன் தொடவில்லை, அதட்டிச் சாப்பிட வைக்கவா?

அன்புத் தங்கச்சிக்கு,

பின்குறிப்பில் இருந்துதான் தொடங்க வேண்டும். எட்டுப் பக்கமும் யானையைப் பற்றியும் காட்டைப் பற்றியும் எழுதிவிட்டு, ஆகப் பெரிய விஷயத்தைக் கடைசி நாலு வரிக்குள் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மகனும் அதையேதான் செய்திருக்கிறான். மூன்று கிழமையாக மனுசர், மிருகம், காடு, வயல் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு, உண்மையில் தொண்டையில் நின்றதை ஒரு இரவு உங்கள் காதில் மட்டும் சொன்னான்.

அவன் மனித குலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தெரிந்த ஒரு மனிதரைப் பற்றிக் கேட்கிறான். சைக்கிளின் பின் சீற்றைப் பிடித்துக்கொண்டு வேர்க்க வேர்க்கக் கூட ஓடி வந்த ஆள், ஒரு குட்டியின் வாயைப் பிளக்கிற பொருளையும் எப்படிக் கையால் செய்தார்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காததால்தான் எல்லா மனிதரையும் ஒரேயடியாகக் கெட்டவர் பட்டியலில் போட்டுவிட்டான். ஒன்பது வயதில் அது சுலபமான வழி. ஒரே ஆளுக்குள் நல்லதும் கெட்டதும் சேர்ந்து இருக்கலாம் என்பது அந்த வயதில்தான் மெல்லப் பிடிபடத் தொடங்குகிறது. பிடிபடும்போது வலிக்கும். பெரியவர்கள் நமக்கே இன்னும் வலிக்கிறது.

அதோடு, ஒரு இரகசியத்தையும் தூக்கித் திரிந்திருக்கிறான். முதல் நாளே கண்டதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் குட்டி பிழைத்திருக்குமோ என்ற நினைப்பு அவனுக்குள் இருக்கக்கூடும். நீங்கள் அப்படி எழுதவில்லை. இப்படியான பிள்ளைகளோடு கதைத்துப் பழகிய அளவில் சொல்கிறேன். நேராகக் கேட்க வேண்டாம். "நீ கண்டது என்னெண்டு உனக்கே அப்ப விளங்கியிருக்காது. விளங்காததுக்கு நீ பொறுப்பில்லை. என்னட்டச் சொன்னது நல்லது. இனி இது பெரியாக்களின்ர வேலை" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். அவன் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போகலாம். போகட்டும், காதில் விழுந்திருக்கும்.

இது நோயா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இல்லை. ஆறு நாள் ஒரு உயிர் பட்ட வேதனையைக் கண்முன்னே பார்த்த பிள்ளை அழாமல் இருந்திருந்தால்தான் எனக்குக் கவலை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்பதும், அது எல்லோருக்கும் உண்டு என்பதும் நன்றாகத் தெரியும். நாலு வயதில் "யானை நித்திரை கொள்ளுது" என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இப்போது முடியாது.

ஆனாலும் சிலதைக் கவனியுங்கள். தொடர்ந்து கெட்ட கனவு கண்டு அலறி எழும்புவது, திரும்பப் பாயில் சிறுநீர் போவது, தங்கச்சியையோ நாய், பூனையையோ வருத்துவது, பள்ளிக்கூடம் போக அடியோடு மறுப்பது, "நானும் செத்தால் நல்லம்" என்ற மாதிரிக் கதை. இவற்றில் கடைசியது ஒருமுறை வந்தாலே தாமதிக்கக் கூடாது. மற்றவை இன்னும் இரண்டு மூன்று கிழமை நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே போவதால் "விசர்" என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சலுக்கு வரிசையில் நிற்பது போலத்தான் அதுவும். ஊர்வாய்க்குப் பயம் என்றால் முதலில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம். வீட்டிலிருந்தே கதைக்கலாம், யாருக்கும் தெரியவராது.

கணவர் "ஆம்பிளைப் பிள்ளை யானைக்கெல்லாம் அழுறதோ" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரோடு இதில் சண்டை பிடிக்காதீர்கள். அவருடைய பக்கமும் ஒன்று இருக்கிறது, வருகிறேன்.

பக்கத்து வளவு விஷயம்

மூன்று வழிகளை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பேசாமல் இருப்பது, கணவரைக் கொண்டு அவரிடம் நேரே கேட்பது, பொலிசுக்குப் போவது. ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் உண்டு.

பேசாமல் இருந்தால் உறவு கெடாது. ஆனால் அதே வாய்க்கால் கரையில் இன்னும் ஒரு பூசணிக்காய் கிடக்காது என்று யார் சொல்வது? வெடிக்குப் பன்றி, யானை, மாடு, பிள்ளை என்ற வித்தியாசம் தெரியாது. ஊர்ப் பிள்ளைகள் குட்டியைப் பார்க்க ஓடிய பாதையும் அந்தக் கரைதானே. மிதிவெடிப் பலகைகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நிலத்தில் ஒருவர் வைத்துவிட்டுப் போன வெடியை அதிலே கால் வைக்கிறவன்தான் சுமக்கிறான். அதனால் பேசாமல் இருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நேரே போய்க் கேட்டால், "ஆர் கண்டது?" என்பதுதான் முதல் பதிலாக வரும். அந்த இடத்தில் பிள்ளையின் பெயர் வாயில் வந்துவிட்டால் அவன் அந்த வேலிப் பக்கம் இனி நிமிர்ந்து நடக்கமாட்டான். தவிர, அவன் கண்டது வெடிதான் என்பதும் நிச்சயமில்லை. பூசணிக்காயைத் தோண்டி எலிக்கு மருந்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு ஒன்பது வயதுக் கண் தூரத்தில் கண்டதை வைத்து ஒரு அயலவரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது.

சட்டப்படி பார்த்தால், யானையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். அனுமதியில்லாமல் வெடிமருந்து வைத்திருப்பது அதைவிடத் தனிக் குற்றம். பயிரைக் காப்பாற்றத்தான் வைத்தேன் என்பது சமாதானமாகாது. வனஜீவராசிகள் திணைக்களம் கமக்காரருக்குக் கொடுக்கும் யானை வெடி வேறு. அது சத்தம் போட்டு வெருட்டுவதற்கு. தீனுக்குள் ஒளித்து வைக்கும் பன்றிவெடி வேறு. கணவருக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிவதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி சொல்கிறது. அந்த வித்தியாசத்தை அவர் அறிந்திருப்பது நல்லது.

என் யோசனை இதுதான். ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லுங்கள். "வாய்க்கால் கரையில் பன்றிவெடி வைக்கிறார்கள், பிள்ளைகள் போய்வருகிற இடம், பயமாக இருக்கிறது" என்று கமக்காரர் அமைப்பிலும் கிராம அலுவலரிடமும் சொல்லலாம். திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஒரு குட்டி செத்த ஊரில் ஒரு தாய் இதைச் சொல்வதில் யாரும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. உங்களைப் போல இன்னும் இரண்டு தாய்மாரைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கூட்டத்தில் பொதுவாகக் கதைத்தால் செய்தவர் யாராக இருந்தாலும் காதில் விழும். பிறகு யாராவது விசாரணைக்கு வந்து பிள்ளையைக் கேட்கும் நிலை வந்தால், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவனை ஒரு வார்த்தை பேச விடாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். நான் சட்டத்தரணி அல்ல, அதற்கு மேல் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மகனிடம் "நான் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் பண்ணியிருந்தால் அதை மெல்லத் திருத்திக்கொள்ளுங்கள். "நீ சொன்னதெண்டு சொல்லமாட்டன். ஆனா அங்க வெடி வைக்கக் கூடாதெண்டு சொல்லுவன்." இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு விளங்கும்.

"யானையிட காட்டுக்க வந்தமோ?"

இந்தக் கேள்விக்குத் தாத்தா எழும்பிப் போனாரே, அவர் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. தோட்டத்தில் அடிபட்டு, லொறியில் ஏறி, தெரியாத காட்டில் இறங்கி, கத்தியும் கோடரியும் கொண்டு ஒரு வயலை உண்டாக்கிய மனிதரிடம் பேரன் "களவெடுத்த காணியா தாத்தா?" என்று கேட்பது போல இருந்திருக்கும். பிள்ளை அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு அப்படிக் கேட்டிருக்கும்.

நீங்கள் நினைப்பது போல "யானைதான் கெட்டது" என்று சொல்லி இதை முடிக்க முடியாது. அவன் அந்தக் குட்டியின் கண்ணைப் பார்த்தவன். உங்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் போகும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி "மனிதன்தான் இயற்கையின் எதிரி" என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம் வந்தால் பிள்ளைகள் அழுகிற பூமியையும் கோடரியோடு நிற்கிற மனிதனையும் கீறிப் பரிசு வாங்குகிறார்கள். அந்தக் கோடரிக்காரன் யார் என்று வன்னிப் பிள்ளை யோசித்துப் பார்த்தால், தாத்தாவாகத்தான் இருக்கும். இதை ஆசிரியர்கள் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை தன் வீட்டாரையே குற்றவாளியாகக் கீறிவிட்டு வருவதைப் பற்றி நாங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

உண்மை இரண்டு பக்கமும் இல்லை, நடுவில் குளக்கட்டில் இருக்கிறது. அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் கட்டில் ஏறி நில்லுங்கள். ஒரு கைப்பக்கம் தண்ணீர், அதற்கப்பால் காடு. மறு கைப்பக்கம் தண்ணீர் திறந்துவிடும் துருசு, வாய்க்கால், வயல். நமது பழைய பாட்டுக்காரர் முல்லை என்றும் மருதம் என்றும் வகுத்த இரண்டு திணையும் அந்த ஒரு வரம்பில் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும். நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்து, மரம், மிருகம், பறவை, தொழில் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, பிறகுதான் மனித உணர்ச்சியைப் பாடினார்கள். காட்டைப் பார்க்கப் போகிற வெளியாளாக மனிதனை அவர்கள் நினைக்கவில்லை.

அங்கே நின்று, "இந்தக் குளம் ஆருக்கு?" என்று கேளுங்கள். அவனே எண்ணட்டும். கொக்கு, நீர்க்காகம், எருமை, முதலை, குளிக்க வருகிற சனம், இரவில் யானை. அப்புறம் கேளுங்கள், "குளத்தை ஆர் கட்டினது?" யானை குடிக்கிற தண்ணீர் மனிதன் மறித்த தண்ணீர். மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக்குளம் ஆயிரம் வருடத்துக்கும் பழையது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் 1902இல் வேலை தொடங்கினார்கள். வன்னிக் காட்டுக்குள் போனால் யாரும் நினைவு வைத்திராத குளங்களின் கட்டுகள் மரம் முளைத்துக் கிடக்கும். நாம் ஆதிக்காடு என்று நினைக்கும் பல இடம் ஒரு காலத்தில் யாரோ விதைத்து, விட்டுப்போன வயல். யானைக்கும் மரம் அடர்ந்த இருட்டுக் காட்டைவிடப் பற்றையும் புல்லும் குளத்தின் அலைகரையும்தான் விருப்பம். மனிதன் வெட்டி, விதைத்து, கைவிட்ட இடங்களில் அதற்குத் தீன் நிறைய.

தாத்தாவுக்கு இதைச் சொந்த வாழ்க்கையிலேயே தெரியும். நீங்கள் இடம்பெயர்ந்து போய் 2011இல் திரும்பி வந்தபோது முற்றத்தில் ஆள் உயரத்துக்குப் பற்றை, கிணற்றடியில் யானை லத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதையைப் பேரனுக்கு அவர் சொல்லியிருக்கிறாரா? 1977இல் வந்த கதை, முதல் இரவு எங்கே படுத்தார்கள், முதல் யானையை எப்போது கண்டார், எவ்வளவு பயந்தார். "வந்தமோ, வந்ததோ" என்ற கேள்விக்கு அதுதான் பதில். போய் வந்து, போய் வந்து இருக்கிற இடம் இது. இரண்டு பேரும்.

குளத்தில் பிடித்துக் குழம்பு வைக்கிற யப்பான் மீனையும் காட்டுங்கள். அதற்கும் யப்பானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆபிரிக்க மீன், திலாப்பியா. 1950களில் கொண்டுவந்து நமது குளங்களில் விட்டார்கள். இப்போது அது இல்லாமல் வன்னியில் எத்தனை வீட்டில் மீன்கறி? பிள்ளைகளுக்கு இது நல்ல பகிடியாகவும் இருக்கும், யோசிக்கவும் வைக்கும். ஊர்ப் பெயர்களையும் அவனோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். ஆனைவிழுந்தான், கரடிப்போக்கு, புளியங்குளம், ஆனையிறவு. மனிதர் தங்கள் ஊருக்குத் தங்கள் பெயரை வைக்காமல் வழியில் போன மிருகத்தின் பெயரையும் நின்ற மரத்தின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். பஸ் பலகையிலேயே பாடம் எழுதியிருக்கிறது.

இப்போது கணவர். யானையைப் பார்த்து இரங்க முடியாத கொடியவர் அல்ல அவர். ஒரு வளர்ந்த யானைக்கு நாளுக்கு நூற்றைம்பது கிலோ அளவில் தீன் வேண்டும். தின்பதைவிட மிதிப்பது கூட. கடன்பட்டு விதைத்த இரண்டரை ஏக்கர், மூன்று மாதம் காவல் கொட்டிலில் கண்விழித்த உடம்பு, ஒரு இரவில் எல்லாம் போய்விடும். அந்த "ஒண்டு குறைஞ்சுது" பயத்தில் வந்த வார்த்தை. மகனுக்கு அது தெரியாது, ஏனென்றால் தகப்பன் பயப்படுவார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. காவலுக்குப் போகுமுன் ஒருநாள் கணவரே சொல்லட்டும்: "எனக்கும் அந்தக் குட்டி பாவம்தான். ஆனா வயல் போனால் என்ன செய்யிறதெண்டு பயமாக் கிடக்கு." இந்த இரண்டு வசனத்தையும் ஒரே மூச்சில் ஒரு பெரியவர் சொல்லக் கேட்பது, உங்கள் மகனுக்கு இப்போது வேறெதையும்விடத் தேவை. மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள், அது வராது.

இன்னொன்று. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: மாமனார் விடியப்பறம் காவலால் வந்ததும் முதல் வேலையாகக் கிணற்றடி வேம்பில் கட்டிய சிரட்டைக்குக் குருவிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இரவெல்லாம் யானையை வெருட்டிய அதே கை. குட்டி சாய்ந்த இடத்தில் ஊர்ச்சனம் கற்பூரம் கொளுத்திப் பூப்போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சனத்துக்குள் வெடி வைத்தவரும் நின்றிருக்கலாம். மனிதர் எப்படிப்பட்டவர் என்று மகன் கேட்டால் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இவற்றை நினைவூட்டி, "எனக்கும் சில நேரம் விளங்கிறேல்ல" என்று சொன்னால் போதும். பிள்ளைக்கு ஒரு தாய் தனக்கு விளங்கவில்லை என்று சொல்வது பலவீனம் என்று நினைக்காதீர்கள்.

குளத்தடிக்கு விடலாமா?

விடலாம், ஆனால் தனியாக அல்ல. அடைத்து வைத்தால் காடு என்றால் செத்த குட்டி மட்டும்தான் என்ற படம் அப்படியே தங்கிவிடும். ஆபத்துகள் பொய்யல்ல என்பதால் ஒழுங்கு வேண்டும்.

பழகின பாதை, பழகின கட்டு, பெரியவர் ஒருவர் கூட. மிதிவெடி அகற்றின இடம் என்றாலும் மழைக்குப் பிறகு மண் அரித்து எதுவும் மேலே வரலாம். தெரியாத இரும்பு, குழாய், உருண்டை எதையும் தொடாதே, எறியாதே, வந்த அடியிலேயே திரும்பி வந்து சொல். இதை அவனுக்குப் பாடமாகவே ஆக்குங்கள். இப்போதைக்கு அந்தப் பட்டியலில் கிடக்கிற பூசணிக்காயும் சேரும்.

இது பாலைப்பழக் காலம். பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசையோ கரடிக்கும் அவ்வளவு ஆசை. விடியவும் மாலைக் கருக்கலிலும் பாலை மரத்தடிக்குப் போகவேண்டாம். வெயில் ஏறின பிறகு ஆள்கூடிக் கதைத்துக்கொண்டு போனால் அது பெரும்பாலும் விலகிப் போய்விடும். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்பதில்லை. குளத்தில் துருசுப் பக்கம் இறங்குவதில்லை.

பாம்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வரம்பில் ஓடுகிற சாரையை அடிக்கவேண்டாம் என்று அவன் தாத்தாவோடு சண்டை பிடித்தானாம். அதில் அவன் சொல்வது சரி. சாரைக்கு விசமில்லை, எலி பிடித்து வயலைக் காப்பது. புடையனும் நாகமும் வேறு கதை. எது எது என்று தாத்தாவைக் கேட்டுப் பழகட்டும். தூரத்தில் நின்று. அது அவர்கள் இரண்டு பேருக்கும் கதைக்க ஒரு சாட்டாகவும் இருக்கும்.

உங்களைப் பற்றி ஒரு சொல்

"மனுசர்தான் கெட்ட மிருகம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் கை நடுங்கியது, 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் பதினாறு வயதில் அதே வார்த்தையை நான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அந்த இடத்தில் மை பரவியிருக்கிறது.

தங்கச்சி, உங்கள் மகனின் வாக்கியமும் உங்களுடைய வாக்கியமும் சொல்லளவில்தான் ஒன்று. அவன் பார்த்தது ஒரு குட்டியை. நீங்கள் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. அவனுக்கு அது வராமல் தடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில்தான் வைத்தியர், கட்டுப்பாடு, அதட்டல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவனுக்கு இப்போது வைத்தியர் தேவையில்லை என்று மேலே எழுதினேன். உங்களுக்கு ஒருவரோடு கதைக்கத் தேவைப்படலாம். பதினாறு வயதில் கதைக்க யாரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு, சின்ன மகளை யாரிடமாவது விட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம் போய் வாருங்கள். 2009ஐப் பற்றி மகனுக்கு எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் அங்கே கேட்கலாம். அதை இந்தப் பக்கத்தில் அவசரமாக எழுத எனக்கு விருப்பமில்லை.

மாங்காயைக் கேட்டிருந்தீர்கள். அதட்டவேண்டாம். திருப்பி அனுப்பவும் வேண்டாம். அந்த மனுசன் தான் செய்ததை நினைத்துக்கொண்டுதான் கொண்டுவந்தாரோ, வழமைக்குக் கொண்டுவந்தாரோ, நமக்குத் தெரியாது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகன் தொடாவிட்டால் "ஏன்?" என்று கேட்காதீர்கள், அவனுக்கு அந்த உரிமை உண்டு. காய் பழுத்து வீணாகப் போகும் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். வெட்டி உப்புப் போட்டு வெயிலில் காயவைத்துப் போத்தலில் அடைத்து வையுங்கள். அடுத்த மாங்காய்க் காலம் வரைக்கும் இருக்கும்.